மாத்தாள் கொடுத்த ரத்தம்

வைகாசி 3, செவ்வாய்

விடியும்போதே வெக்கை. மேல்காற்று. பாத்தியில் உப்பு நன்றாகக் கட்டியிருக்கிறது, கால் வைத்தால் நொறுங்குகிறது. நான் காவல் காக்கிற ரோட்டோரக் குவியல்களுக்குக் கீற்று போட்டு மூடினேன். கடைசிக் குவியல் பாக்கி. கீற்று இல்லை. மேஸ்திரி கோதண்டம், "நாளைக்கு வந்துடும் பெருசு" என்கிறான். அவனுடைய நாளை பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

எழுதாமல் விட்டால் எழுத்து ஓடிவிடும் என்று ராத்திரி வகுப்பு வாத்தியார் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் பார்க்காதவன், தலை நரைத்த பிறகு சங்கக் கொட்டகையில் கற்ற எழுத்து. அதற்காகத்தான் இது. எவனும் படிக்க வேண்டாம்.

சாயங்காலம் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் கூட்டம். சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. கூடவே கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பி. பின்னால் பெரிய பேனர். தலையில் உப்புக் கூடையோடு ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். உப்பு தூக்குகிறவள் எவளும் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூடையில் பஞ்சு வைத்து எடுத்திருப்பார்கள்.

டா.அம்மா சொன்னது: உப்பளப் பெண்களுக்கு நாள்பட்ட நோய்கள் வருகின்றன. கிட்னி, பிரஷர், மூட்டு. பெண் உடம்பை வைத்து இதையெல்லாம் யாரும் சரியாக ஆராயவில்லை. இப்போது ஆராயப் போகிறார்கள். முதலில் ரத்தம், மூத்திரம் டெஸ்ட்.

பிறகு அட்டைத் தம்பி எழுந்தான். அவன் டாக்டர் இல்லை, கணக்குக்காரன். "இந்த ஆராய்ச்சில ஒரு ரூபா போட்டா நாட்டுக்கு எத்தினி ரூபா திரும்பி வரும்னு நாம காட்டணும். காட்டினாத்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் தருவாங்க. மருந்து, டாக்டர் எல்லாம் அப்புறம்தான் வரும்."

மாடு பிடிக்க வந்தவன்கூட மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் பல்லைப் பார்ப்பான்.

எங்கள் தெரு லூர்து சும்மா இருப்பாளா. புருஷன் செத்துப் பல வருஷம் ஆனவள், வாய் மட்டும் சாகவில்லை. "எங்க வூட்டுக்காரரு மேல போட்ட காசே திரும்பி வரல. எம்மேல போட்டு நாட்டுக்கு வரப்போவுதா?" பெண்கள் சிரித்தார்கள். தம்பி அதையும் குறித்துக்கொண்டான்.

ஆண்கள் கூட்டம் பின்னால். "எங்களுக்கு டெஸ்ட் இல்லையா?" என்று ஒருத்தன். இல்லை என்றதும் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு எல்லாரும் நழுவினார்கள். அதில் என் மருமகன் ஏழுமலை முதல் ஆள். இரண்டு பன்.

முன்பு ஒரு முறை கால் புண்ணுக்காக வந்தார்கள். ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து தங்கி, பாதத்தில் இருந்த புண் முழங்காலுக்கு ஏறியது. அடுத்து வந்தவர்கள் பெண்கள் கண்ணுக்கு என்று கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். அந்த வருஷம் தீமிதியில் ஊர் மாப்பிள்ளைகள் மூக்கில் எல்லாம் கறுப்புக் கண்ணாடி. எந்தெந்தக் கழுதை போட்டிருந்தான் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

வைகாசி 4, புதன்

வெக்கை. மோர் திரிந்துவிட்டது.

மகள் அஞ்சலைக்குக் காலையில் முகம் ஊதியிருந்தது. சில மாதமாகவே இப்படி. வெயில் ஏற ஏற முகம் வடிகிறது, கால் ஊதுகிறது. சோற்றைப் பார்த்தால் குமட்டல். கேட்டால், "தூக்கம் பத்தல நைனா." கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

இன்று அவளுக்கு வேலை இல்லாத நாள். மத்தியானம் கணக்குத் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான், கையில் பலகை மாதிரி ஒரு போன். அஞ்சலை மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏழுமலை கட்டிலில். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டி வேப்பமரத்தடியில், இவன் விசிறியடியில். அவன் தங்கை தேவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தெரு, பாதி நாள் இங்கேதான்.

"அக்கா, போன வருஷம் ஒடம்பு சரியில்லாம எத்தினி நாள் வேலைக்குப் போகல?"

"ஒரு நாளும் உடல."

"ஒரு நாள் கூடவா?"

"மேஸ்திரிய கேட்டுப் பாரு தம்பி."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. உப்பு தூக்குகிற பெண்கள் ஒரு செட்டு. வரிசையாகப் போய் வரிசையாக வருவார்கள். ஒருத்தி குறைந்தால் வரிசை அறுந்துபோகும், எல்லாருக்கும் கூலி குறையும். அதனால் முடியாதவள் தன் வீட்டிலிருந்து மாத்தாள் அனுப்ப வேண்டும். மாத்தாள் வந்து நின்றால் வந்தது அவளேதான். பேர் அவள் பேர், கூலி அவள் கூலி. அனுப்பாமல் படுத்துக்கொண்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி. அஞ்சலை படுத்த நாளெல்லாம் தூக்கியது தேவி. அதை யாரும் அஞ்சலை வராத நாள் என்று சொல்வதில்லை.

தம்பிக்குச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன், "அப்ப நஷ்டம் ஜீரோ" என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். முகம் வாடிவிட்டது அவனுக்கு. அவள் இன்னும் கொஞ்சம் படுத்திருக்கக் கூடாதா என்று இருந்திருக்கும்.

"வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

ஏழுமலை கண்ணைத் திறக்காமலே: "வூட்ல இன்னா வேலை? சும்மாதான் இருக்கா."

அஞ்சலை கை முட்டி வரை மாவு. நிறுத்தவும் இல்லை, நிமிரவும் இல்லை. தேவிதான் கீரைத்தண்டை அண்ணனைப் பார்த்து எறிந்தாள். அது அவன்மேல் விழவில்லை.

வைகாசி 6, வெள்ளி

கீற்று இன்னும் வரவில்லை.

முதலாளி வந்தார். வழக்கம்போல் பாத்தித் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்பு எத்தனை டிகிரி என்று பார்த்தார். தினம் பார்க்கிறார், கொஞ்சம் ஏறினாலும் கவலை, இறங்கினாலும் கவலை. அந்தக் குழாயை வாங்கும்போது எத்தனை ரூபாய் திரும்பி வரும் என்று எவனும் கேட்டதாக ஞாபகம் இல்லை. அந்தத் தண்ணீரில் நிற்கிறவளின் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் நாட்டுக்கு லாபம் காட்ட வேண்டும்.

காரில் ஒரு கட்டு உப்புப் பாக்கெட் வைத்திருந்தார். நம் உப்புதான். குயிலாப்பாளையத்துக் கடைகளில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறதாம். காக்கித் தாள் பை, மேலே ஒரு பெண் படம். இவளும் சிரிக்கிறாள். பெண்கள் கையால் அள்ளியது என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். அதற்காகவே விலை அதிகமாம்.

"பார்த்தியா பெருசு, நம்ம பொம்பளைங்க கைக்கு இன்னா மவுசு!" என்றார்.

கைக்கு மட்டும்தான்.

வைகாசி 10, செவ்வாய்

இன்று டெஸ்ட். நான் போகவில்லை, குவியலை விட்டு நகர முடியாது. முதலாளி பெண்களுக்குப் பாதி நாள் விட்டார். பெரிய மனசு. மீதிப் பாதியில் முழு நாள் வேலை வாங்கினார்.

அஞ்சலை விடியற்காலை கொல்லையில் வாந்தி. திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் போனால் வீட்டில் ஒரு புது எவர்சில்வர் டப்பா. டெஸ்ட்டுக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். டெஸ்ட் முடிந்ததா என்றேன். முடிந்ததாம். நல்லது என்று காவலுக்குத் திரும்பிவிட்டேன்.

லூர்து டப்பாவைத் தட்டிப் பார்த்து, "ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவ்ளோ பெரிய டப்பாவா? ஒரு குடம் எடுத்துட்டு அண்டா குடுக்கச் சொல்லு" என்கிறாள்.

வலது தோள் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

வைகாசி 17, செவ்வாய்

சிரிப்பதா காறித் துப்புவதா தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டா.அம்மாவும் கணக்குத் தம்பியும் ரிசல்ட் அட்டை கொண்டுவந்தார்கள். உப்புக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் நார்மல். அவளுக்கு நார்மல், இவளுக்கு நார்மல். அஞ்சலைக்கும் நார்மல். டா.அம்மாவுக்கே நம்ப முடியவில்லை. அட்டையைப் பார்க்கிறாள், அஞ்சலை முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி அட்டை.

லூர்து முறை. டா.அம்மா அவளைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னாள். கர்ப்பமானவர்களை இந்த ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாதாம், அதற்காக அதையும் பார்த்திருக்கிறார்கள்.

லூர்து அலறியது பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"மாதாவே! எனக்கா? ஏம்மா, இதுக்கு ஒரு ஆம்பள வேணாமா?"

வரிசை முழுக்க ஒரே ஆரவாரம். "யாருடி அது?" "மேஸ்திரியா?" கோதண்டம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல" என்று கற்பூரம் அடிக்கிற மாதிரி கையை நீட்டுகிறான். அவனை யார் கேட்டார்கள்.

பிறகு லூர்து வாயில் கை வைத்தாள். "ஐயையோ. அன்னிக்கு எனக்குத் தலை சுத்தல். என் மருமவள இல்ல அனுப்பினேன்!" மருமகள் அங்கேயே நின்றிருந்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். லூர்து பின்னாலேயே, "மெதுவா போடி, மெதுவா போடி" என்று.

டா.அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மருமகளை அனுப்பினீங்களா? உங்க பேர்லயா?"

"ஆமா. முடியலன்னா மாத்தாள்தானே அனுப்பணும்? அனுப்பாம இருந்தா தப்பாச்சே." கூட்டத்தில் நின்ற தேவியைப் பார்த்து, "ஏண்டி, நீகூட உங்க அண்ணி பேருக்கு வந்தியே."

ஒவ்வொன்றாக வந்தது. அன்று யார் யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவளவள் வழக்கப்படி மாத்தாள் அனுப்பியிருக்கிறாள். மகள், நாத்தனார், மருமகள். எல்லாம் வயசுப் பெண்கள். மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஒழுங்காக ஆள் விட்டோம் என்ற திருப்தி வேறு. நோய் எல்லாம் வீட்டில் படுத்திருக்க, ஆரோக்கியம் வந்து வரிசையில் நின்று கை நீட்டியிருக்கிறது.

க.தம்பி தலையில் கை வைத்து உப்பு மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். பெண்கள் பக்கத்தில் ஒரே கவலைதான். "டப்பாவத் திருப்பிக் கேப்பாங்களா?"

படித்த கூட்டம் ஒன்று, படிக்காத கூட்டம் ஒன்று. யாரை அதிகம் திட்டுவது. டெஸ்ட் அன்று பேரைக் கேட்டவள் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. ரத்தம் என்ன உப்புக் கூடையா, யார் தலையில் வந்தாலும் ஒன்று என்பதற்கு?

வைகாசி 18, புதன்

காற்று இல்லை. ஈ.

ராத்திரி சாப்பிடவில்லை அஞ்சலை. காலையில் எழுந்திருக்கவில்லை. ஏழுமலை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் நிற்கிறான்.

"நார்மல்னு போட்டிருக்குது. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. ஏந்திரு, சீசன் நேரத்துல நாடகம் ஆடாத."

"டேய், அது உன் தங்கச்சி ரத்தம்டா" என்றேன்.

"பேரு யாரு பேரு மாமா? படிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் எழுத்து தெரியுமே."

நேற்று அவனுக்கும் விஷயம் தெரியும். ஊரே சிரித்தது. தெரிந்தே நீட்டுகிறான். இவனுக்குப் பெண் கொடுக்கும் முன் மாட்டுத் தரகனிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதைவிடக் கேவலம் என் மகள். எழுந்து அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்குது நைனா. எனக்குத்தான் மனசு சரியில்ல போல" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். தேவியின் ரத்தத்தை வைத்துத் தன் உடம்பைச் சமாதானம் செய்கிறாள்.

மத்தியானம் டா.அம்மா கொட்டகையில் உட்கார்ந்து சென்னைக்குப் போன் பேசினாள். அவளுக்கு மேலே யாரோ. போனை வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்தாள், க.தம்பிக்கும் கேட்கட்டும் என்று. எனக்கும் கேட்டது.

போனில் அந்தக் குரல்: "திரும்ப எடுக்கப் பணம் இல்லம்மா. மாத்தி வந்தவங்களை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. மிச்சத்தை வச்சு ரிப்போர்ட் எழுதுங்க."

"சார், மாத்தி அனுப்பினவங்கதான் சார் நோயாளிங்க. அவங்களை எடுத்துட்டா மிச்சம் எல்லாரும் நல்லா இருக்கறவங்க."

"அப்ப நல்லா இருக்காங்கன்னு எழுதுங்க. ஏற்கனவே வேலை நாள் நஷ்டம் ஜீரோன்னு வந்திருக்கு. பணம் போடறவங்க கிட்ட எதைக் காட்டறது?"

டா.அம்மா போனை வைத்துவிட்டு லிஸ்ட்டை மடித்துப் பைக்குள் திணித்தாள். அழுதாளோ என்னவோ, இந்த வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

படுத்தவளைக் கழித்துவிட்டு நிற்கிறவளை மட்டும் எண்ணினால் ஊரில் நோய் எங்கே இருக்கும். சுடுகாட்டை விட்டுவிட்டு எண்ணினால் சாவும் இல்லை.

வைகாசி 20, வெள்ளி

டா.அம்மா மறுபடி வந்தாள், தனியாக. டெஸ்ட் சாமான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். மேலே கேட்கவில்லை, தானே எடுக்கப் போகிறாள். மாத்தாள் அனுப்பியவர்கள் மட்டும் சாயங்காலம் கொட்டகைக்கு வர வேண்டும். இந்தத் தடவை அவர்களே.

அஞ்சலை வரமாட்டேன் என்றாள். வீட்டில் போய்க் கேட்டேன்.

"ஏம்மா?"

"நார்மல்னு ஒண்ணு கையில இருக்குது இல்ல. அதோட உடு நைனா. கெட்டதா வந்தா மேஸ்திரி செட்டுல வச்சுக்குவாரா?"

"செத்தா வச்சுக்குவானா?"

அவள்பாட்டுக்கு அரிசி களைகிறாள். எனக்குக் கோபம். கத்தினேன். கத்தி ஒன்றும் ஆகவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான், கத்தினால் அரிசி களைவாள்.

தேவி வந்தாள். நடுவில் புகுந்து அரிசிப் பாத்திரத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணி, இத்தினி நாளும் உன் பேருக்கு நான் கூடை தூக்கினேன். கேட்டேனா எதனா? இனிமே உன் பேருக்கு நான் எங்கியும் வரமாட்டேன். கூடைக்கும் வரமாட்டேன். உன் ஒடம்ப நீயே தூக்கினு வா."

"உனக்கென்னடி கோவம்?"

"அந்த அட்டையில நல்லா இருக்கறது நானு. நீ எங்க இருக்கறன்னே தெரியல."

ஏழுமலை கட்டிலிலிருந்து, "ஏய் தேவி, வாய மூடு" என்றான்.

"நீ மூடு. நீ நாட்டுக்கு நஷ்டம்" என்றாள். நல்ல பெண்.

அஞ்சலையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நான். கொட்டகையில் லூர்து முதலிலேயே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துச் சொல்லும்மா, வயித்துல இருக்கறது யாருதுன்னு" என்று டா.அம்மாவிடம் கேட்டு அவளையே சிரிக்கவைத்துவிட்டாள்.

அஞ்சலை கையில் ஊசி போகும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நரம்பு கிடைக்காமல் டா.அம்மா இரண்டு இடத்தில் குத்தினாள். கை அவ்வளவு ஊதியிருக்கிறது.

வைகாசி 21, சனி

டா.அம்மாவிடமிருந்து போன் வந்தது. அஞ்சலைக்குக் கிட்னி. பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. பிரஷர் எக்கச்சக்கம். திங்கட்கிழமையே பாண்டி பெரியாஸ்பத்திரி, அட்மிஷன்.

லூர்துக்குச் சர்க்கரை, அவளே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இன்னும் சிலபேருக்கு இருக்கிறதாம். யாருக்கு என்று அவரவரிடம்தான் சொல்வார்களாம்.

அஞ்சலை கேட்டுவிட்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான். பிறகு போய்த் துணி மடித்தாள்.

ஏழுமலை போனை வாங்கி டா.அம்மாவிடம் பேசினான். "சீசன் முடியட்டும்மா, அப்புறம் கூட்டியாறேன்." அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள். இவன், "அது சரி. செலவு பண்ணா தேறிடுவாளா? மறுபடி தூக்க முடியுமா? முடியாதுன்னா எதுக்கு..."

க.தம்பியை நான் முதல் நாளிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் நாட்டுக்காகக் கேட்டான். இவன் கட்டிலில் இருந்துகொண்டு கேட்கிறான். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி.

போனைப் பிடுங்கி, திங்கட்கிழமை வருகிறோம் என்று சொன்னேன்.

வைகாசி 23, திங்கள்

முதல் பஸ். நான், அஞ்சலை, தேவி. கோட்டக்குப்பம் வரை நின்றுகொண்டே. பிறகு ஒரு பாய் எழுந்து அஞ்சலைக்கு இடம் கொடுத்தார். நன்றாக இருக்கட்டும்.

சீட்டு, வரிசை, வரிசை, கட்டில். ஆறாம் வார்டு. ஜன்னல் பக்கம்.

எடுத்துவர வேண்டியவை: தட்டு, பிளாஸ்க், போர்வை, பல்பொடி, அவளுடைய சின்னத் தலையணை.

வைகாசி 25, புதன்

காலையில் வார்டில் நான். அஞ்சலைக்குக் கால் வீக்கம் இறங்கியிருக்கிறது, மெட்டி மறுபடி சுற்றுகிறது.

ஏழுமலை வந்தான். வந்ததே இன்றுதான். பழம் இல்லை, பிஸ்கட் இல்லை. சட்டைப் பையில் அந்த அட்டை. நர்ஸிடம் நீட்டுகிறான்.

"பாருங்க, இதுல எல்லாம் நல்லா இருக்குதுன்னு போட்டிருக்குது. வூட்டுக்கு அனுப்பிடுங்க. வேலை கெடுது."

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள், கட்டிலில் தொங்குகிற சீட்டைப் பார்த்தாள். ஒரே பேர், ஒரே வயசு. "ரெண்டுல எது இவங்களது?"

அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள். கையில் குழாய் இருந்ததால் மெதுவாக.

"அது உன் தங்கச்சி. அவளக் கூட்டினு போ. நான் இங்க இருக்கேன்."

வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில் கிழவி, "சொல்லுடி என் ராசாத்தி" என்றாள். ஏழுமலை அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டான். நான் கீழே போகவில்லை. டீ வாங்கிக் கொடுக்கிற மனசு இல்லை.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வைகாசி 28, சனி

அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். மாத்திரை ஒரு பை. வெயில் கூடாது, பாரம் கூடாது, உப்பு கூடாது. மிச்ச கிட்னியைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். போனது போனதுதான்.

டா.அம்மா போன் செய்தாள். ஆராய்ச்சி நின்றுவிட்டது. பணம் போடுகிறவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இவள் மறுபடி எடுத்த டெஸ்ட் எல்லாம் முறைப்படி எடுத்தது இல்லை, ரிப்போர்ட்டில் சேராதாம். உப்பளப் பெண்கள் நார்மல் என்றே போகிறது.

"நான் எழுதினத வெட்டிட்டாங்க ஐயா" என்றாள். என்னிடம் சொல்லி என்ன. ஆனாலும் சொன்னாள். வரும் செவ்வாய் பாண்டியில் இருப்பாளாம். மிச்சப் பேரையும் அனுப்பச் சொன்னாள், பெரியாஸ்பத்திரி வாசலில் தானே வந்து நிற்பதாகச் சொன்னாள்.

நின்றால் பார்ப்போம்.

வைகாசி 29, ஞாயிறு

பூசை முடிந்து வந்த லூர்துவை அழைத்துக்கொண்டு அஞ்சலை வெயில் தாழ வீடு வீடாகப் போனாள். போகக் கூடாது, உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் கேட்பாளா. ஒவ்வொரு வாசலிலும் முந்தானையை விலக்கி, ஊசி குத்திக் கன்றிப்போன கையைக் காட்டினாளாம். பேச்சு எல்லாம் லூர்து.

வேலை நாளில் போக முடியாது என்றார்கள் சிலபேர். மாத்தாளை வைத்துவிட்டுப் போகலாம் என்றாள் ஒருத்தி. மாத்தாள் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்களும் வருகிறோம், எங்களுக்கும் பார்க்கட்டும் என்கிறார்கள். தேவி வேலையாகத்தான் இருக்கும்.

வைகாசி 31, செவ்வாய்

மேகம். தெற்கே இருட்டு. கடைசிக் குவியலுக்கு இன்னும் கீற்று இல்லை.

ரோட்டில் பஸ் நின்றது. பெண்கள் ஏறினார்கள் ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். கண்டக்டர், "இன்னாம்மா கும்பலா, கல்யாணமா?" என்றான்.

"வளைகாப்பு" என்றாள் லூர்து. "எனக்குத்தான். டிக்கெட்ட குடு."

அஞ்சலை முன் சீட்டில். கையாட்டவில்லை. பஸ் போய்விட்டது.

கோதண்டம் ஓடிவந்தான். பாத்தியில் வாரிய உப்பு அப்படியே கிடக்கிறது. தூக்க வந்தது நாலைந்து பேர். வரிசை இல்லை. முதலாளி போனில் கத்துகிறார், ரோடு வரை கேட்கிறது. "பெருசு, மழை வந்தா அம்புட்டும் கரைஞ்சு போயிடும். யாரு தூக்கறது?"

என்னை ஏன் கேட்கிறான். நான் காவல்.

கடைசியில் ஆண்களையே இறக்கினார்கள். அஞ்சலை இடத்துக்கு ஏழுமலை. இடம் போய்விடும் என்று பயம் காட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். கூடையை நிரப்பித் தலையில் ஏற்றினார்கள். துண்டைச் சுருட்டித் தலையில் வைத்த சும்மாடு நிற்கவில்லை, கூடை சரிந்து தோளெல்லாம் உப்பு. மறுபடி. மறுபடியும் சரிந்தது. கண்ணில் உப்புத் தண்ணீர் இறங்கிக் குருடன் மாதிரி நின்றான். துண்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, இந்தச் சும்மாடு எப்படிச் சுத்தறது?"

தெரியாது என்றேன். தெரியும்.

தூறல் ஆரம்பித்துவிட்டது.